ஒரிஜினலில் அப்படித்தான் இருக்கிறது

சிவகாசியில் அச்சகம் நடத்துகிறவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் தெரிந்தால் போதும், ஆயுசுக்கும் ஓட்டிவிடலாம். "ஒரிஜினல்ல அப்பிடித்தான் இருக்கு." கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போய்விட்டதா? ஒரிஜினல்ல அப்பிடித்தான் இருக்கு. காலண்டரில் லட்சுமியின் கையில் ஒரு விரல் கூடிவிட்டதா? ஒரிஜினல்ல அப்பிடித்தான் இருக்கு. ஒரிஜினல் என்பது எங்கள் தொழிலில் பார்ட்டி கொண்டுவந்து தருகிற மாதிரி. அதைப் பார்த்து நாங்கள் அடிக்கிறோம். பிழை அதிலேயே இருந்தால் பாவம் எங்களைச் சேராது. நானும் இதைச் சொல்லித்தான் இத்தனை வருஷம் பிழைத்து வருகிறேன். பாதி நேரம் அது பொய்.

எனக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. பழைய பதக்கங்கள் சேர்ப்பது. யுத்தத்தில் கொடுத்த மெடல், ராஜா கையால் குத்திவிட்ட நட்சத்திரம், திவான் பகதூர்கள் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்ட வட்டங்கள், இவையெல்லாம். மற்ற பெண்கள் பட்டுப்புடவை சேர்க்கிறார்கள், அதை யாரும் கேட்பதில்லை. என்னை மட்டும் என் வீட்டுக்காரர் தினமும் கேட்கிறார். "இந்தப் பித்தளைய வச்சு என்ன செய்யப் போற?" பித்தளை இல்லை, வெண்கலம் என்று நானும் தினமும் சொல்கிறேன். எங்கள் தாம்பத்தியத்தில் பேச்சு குறையாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதக்கங்களில் உயர்ந்த வகைக்கு 'ஆர்டர்' என்று பெயர். எங்கள் ஊரில் ஆர்டர் என்றால் வேறு. ஒருமுறை சென்னையில் பழம்பொருள் கண்காட்சிக்குப் போயிருந்தபோது சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "ஒரு ஆர்டர் கெடச்சிருச்சு" என்றேன். "எந்தக் கம்பெனி? எம்புட்டு பீஸ்? தீவாளிக்குள்ள வேணுமாமா?" என்று அவர் பேப்பருக்கே சொல்லி வைத்துவிட்டார். நான் ஊர் திரும்பிக் கைக்குட்டையை அவிழ்த்து நீல நட்சத்திரத்தைக் காட்டியபோது அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. போகட்டும். அந்த நட்சத்திரத்தில் லேசாக மை ஒட்டியிருந்தது என்று மெஷின் துடைக்கிற தின்னர் துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். நீலம் முழுக்கத் துணிக்கு வந்துவிட்டது. அசலான எனாமல் என்பது உலோகத்தோடு உருகிப் பிடித்த கண்ணாடி. தின்னருக்கு அது அசையாது. நான் வாங்கியது நகப்பூச்சு. விற்றவர் முகத்தில் அப்படி ஒரு பக்தி இருந்தது. பாவி.

அதற்கப்புறம் நான் கற்றுக்கொண்டேன். கோபத்தில் கற்றுக்கொண்டால் மறக்காது. அசலை வைத்து வார்த்த நகல் ஒரு நூல் சின்னதாக இருக்கும், உலோகம் ஆறும்போது சுருங்குவதால். முகத்தில் மூக்கு மழுங்கியிருக்கும். ரிப்பன் புதிது என்றால் கள்ள நோட்டுப் பார்க்கிற நீல விளக்கில் பளிச்சென்று மின்னும். எல்லாவற்றுக்கும் மேல் விளிம்பு. அந்தக் கால யுத்த மெடல்களில் வாங்கியவரின் நம்பரும் பதவியும் பெயரும் விளிம்பில் எழுத்து அச்சால் அமுக்கப்பட்டிருக்கும். கீறி எழுதியது வேறு, அமுக்கியது வேறு. எழுத்து அமுங்கினால் ஓரத்தில் உலோகம் கொஞ்சம் பிதுங்கும். ஈய எழுத்துக் கோத்து அடித்த காலத்துப் பத்திரிகையைத் தடவிப் பார்த்தவளுக்கு இது தெரியாமல் போகாது.

தவிர, நகல் பற்றி எங்கள் ஊர்க்காரிக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஒரு பட்டாசு லேபிளில் மயில் நன்றாக விற்றால் அடுத்த சீசனுக்குப் பத்து மயில் வரும். ஒவ்வொன்றும் வேறு வேறு பக்கம் திரும்பி நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அதில் நான்கு மயில் என் மெஷினில் அடித்ததாகவே இருக்கும்.

போன தைக்கு முன்னால் ஒரு நாள், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் போர்மேன் தன் மகளைக் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். அறுபதை நெருங்கும் வயது. விரல் இடுக்கில் அலுமினியப் பவுடரின் வெள்ளி இன்னும் போகாமல் இருந்தது. மகள் பி.காம். படித்துவிட்டு அதே கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறவள். அவளுக்குத்தான் கல்யாணம்.

"தாயி, பத்திரிகை அடிக்கணும். ஒரிஜினல் கொண்டாந்துருக்கோம்" என்றார்.

நான் காகிதத்துக்குக் கையை நீட்டினேன். அவர் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, மஞ்சள் துணியை விலக்கி, என் உள்ளங்கையில் ஒரு பதக்கத்தை வைத்தார். ரூபாயைவிடப் பெரிய வட்டம். ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒருவர், குதிரையின் காலடியில் மண்டையோடு, ஓரத்தில் 1914, 1918. முதல் உலக யுத்தத்தில் கொடுத்தது. எனக்கு வாயில் எச்சில் ஊறியது. அதை மறைத்துக்கொண்டு, "விஷயம் எழுதினது எங்கண்ணே?" என்றேன். மகள் மடித்த தாளைக் கொடுத்தாள்.

டிசைன் பண்ணுகிற பெண் அதை வாங்கிச் சத்தமாக வாசித்தாள். மேலே தங்க நிறத்தில் மெடல் படம். கீழே, 'முதல் உலகப் போர் கண்ட பட்டாளத்தார்' என்று ஒரு பெயர், 'அவர்களின் கொள்ளுப்பேத்தியும்' என்று தொடர்ந்து, அடுத்த வரியில் மறுபடி அதே பெயர், 'அவர்களின் மகளுமான' என்று போனது. அவள் முதல் தடவை பெயரைச் சொன்னபோது போர்மேன் வலது கையைத் தூக்கி, "இருக்கேன்" என்றார். இரண்டாம் தடவை சொன்னபோதும் கை மேலே போய்விட்டது. மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கம்பெனிப் பளக்கம், தாயி" என்று அவர் கையை இறக்கினார். "காலைல வேன்ல இருந்து எறங்குனதும் கேட்டுல பேரு கூப்புடுவாக. கைய ஒசத்தி இருக்கேன்னு சொல்லிட்டுத்தான் உள்ள போகணும். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உள்ள யாரு யாரு இருந்தாகன்னு தெரியணும்ல. இப்ப நான்தான் கூப்புடுறேன், ஆனாலும் இந்தக் கை கேக்க மாட்டேங்கு."

"அக்கா, ஒரே பேரு ரெண்டு எடத்துல வருது. ஒண்ணத் தூக்கிறவா?" என்றாள் டிசைன் பெண்.

"ரெண்டும் வேணும்மா. ஒண்ணு எங்க தாத்தா, ஒண்ணு நானு. பேரன்னா பேரு வைக்காம?"

அவளுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. மெடலைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்து, "அக்கா, குதிரைல இருக்கவருக்குத் துணியே இல்ல" என்றாள். உண்மைதான். வெள்ளைக்காரன் தன் புனிதரைப் பிறந்த மேனிக்குத்தான் குதிரை ஏற்றியிருக்கிறான். மெல்லத்தான் சொன்னாள், ஆனால் போர்மேனுக்குக் காது கூர்மை.

"அது எங்க கருப்பசாமிதான் தாயி. வெள்ளக்காரனே மதிச்சுப் போட்டுக் குடுத்துருக்கான். வெள்ளிக்கெளமன்னா எங்க வீட்டுப் பொம்பளைக சந்தனம் வைப்பாக." கொஞ்சம் தயங்கினார். "வைக்க வேண்டிய எடத்துல வச்சுருவாக."

பிறகு அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னார். அவர்கள் வீட்டுக்கு ஊரில் 'பட்டாளத்தார் வீடு' என்று பெயர். சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் காட்டு வேலைக்கும் கருமருந்து வேலைக்கும் போன சனம், இவர்கள் வீட்டில் மட்டும் ஒரு ஆள் கப்பலேறி யுத்தத்துக்குப் போனார் என்பது அந்த வீட்டின் சொத்து. நிச்சயதார்த்தத்தன்று மெடலை வெற்றிலைத் தட்டில் வைத்து மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டியிருக்கிறார். மாப்பிள்ளையின் சித்தப்பா காரியாபட்டிக்காரர், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மெடலைக் கையில் எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டூப்ளிகேட். சிவகாசிக்காரனுக்கு டூப்ளிகேட் அடிக்கச் சொல்லியா குடுக்கணும்?" என்று சொல்லித் தட்டில் போட்டிருக்கிறார். சபையே சிரித்திருக்கிறது.

"நானும் சிரிச்சேன் தாயி. வேற என்ன செய்ய? ஆனா அன்னைலருந்து சோறு எறங்கல" என்றார். "நீங்க இதெல்லாம் பாக்குறவுகன்னு கேள்விப்பட்டுத்தான் உங்ககிட்ட வந்தோம். அசலுன்னா பெருசா அடிச்சுருங்க. இல்லேன்னா படமும் வேண்டாம், பட்டாளத்தார்ங்கிற பேரும் வேண்டாம். பொய்யப் போட்டுப் பிள்ளையக் கட்டிக் குடுக்க முடியாது."

"காந்தம் வச்சுப் பாத்துட்டேன், ஒட்டல" என்று கடைசியாக ஒரு சாட்சியையும் சேர்த்தார்.

இதற்கு அர்த்தம் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் புரியும். பட்டாசுக் கம்பெனியில் இரும்பு உரசினால் பொறி பறக்கும், பொறி பறந்தால் அறையே போய்விடும். அதனால் அங்கே உலோகத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று, இரும்பா இல்லையா. காந்தம் ஒட்டாவிட்டால் அது நல்ல சாமான். அவர் ஆயுள் முழுக்க எல்லாவற்றையும் அந்த ஒரு கேள்வியால் சோதித்துப் பாஸ் பண்ணியவர். "அண்ணே, காந்தம் ஒட்டலைன்னா இரும்பு இல்லன்னுதான் அர்த்தம். மெடலுன்னு அர்த்தம் இல்ல" என்றேன். அவருக்கு அது ஏறியதாகத் தெரியவில்லை.

நான் மெடலை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். வெள்ளி ரொம்ப வெள்ளையாக இருந்தது. நூறு வருஷத்து வெள்ளி இப்படிப் புதுக் கொலுசு மாதிரி சிரிக்காது. மேலே தொங்கவிடுகிற கம்பியின் முட்டியில் வெள்ளை சரியாகப் பிடிக்காமல் அடியில் செம்பழுப்பு எட்டிப் பார்த்தது. மலிவு உலோகத்தின்மேல் வெள்ளி முலாம். நகல் செய்கிறவன் பாடத்தில் முதல் பக்கம் இது.

பொதுவாக நான் பட்டென்று சொல்லிவிடுகிற ஆள். கண்காட்சிகளில் என்னைக் கண்டால் சில கடைக்காரர்கள் துணியைப் போட்டு மூடுவார்கள். ஆனால் அன்று சொல்ல வாய் வரவில்லை. காபி சொன்னேன். காபி வந்தது. அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். குடித்து முடித்தும் பார்த்தார்.

"அண்ணே, இது வெள்ளி இல்ல. முலாம்" என்றேன்.

"அது தெரியுமே மேடம்" என்றாள் மகள். "அப்பாதான் போன வாரம் விருதுநகர்ல குடுத்து முலாம் போட்டுட்டு வந்தாக. கொலுசுக்குப் போடுறவர்ட்ட."

நான் அவரைப் பார்த்தேன். அவர் காலி டம்ளரைப் பார்த்தார். "அந்தச் சித்தப்பா, அசலுன்னா வெள்ளில இருக்கும், இது வெங்கலம்னுல்ல சொன்னாரு" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் ஆறவில்லை. "ஏண்ணே, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் இது இருக்கா? அசலாவே இருந்தாலும் அத அசலுன்னு காட்டுறதுக்கு யாராச்சும் அதுக்கு வேசம் போட்டு விடுவாகளா? நூறு வருசமா ஒரு ஆள் தொடாம வந்த சாமான ஒரு வாரத்துல டூப்ளிகேட்டாக்கிட்டு வந்து நிக்கீகளே!" என்று கத்திவிட்டேன். மெஷின் பக்கத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மனுஷன் அசையவில்லை, திட்டு வாங்கிப் பழகிய தோள் அது.

கத்தி முடித்ததும்தான் அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. வெண்கலம். சித்தப்பா சொன்னதில் முக்கால்வாசி சரி. இந்த மெடல் சிப்பாய்களுக்கு வெள்ளியில்தான் கொடுக்கப்பட்டது. ஆனால் கொஞ்சப் பேருக்கு மட்டும் வெண்கலத்தில் கொடுத்தார்கள். நான் இதைத் தெரிந்துகொண்டதற்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் இதே மெடலை வெண்கலத்தில் பார்த்து, போலி என்று கேலி செய்துவிட்டு வந்தேன். பிறகு விவரம் தெரிந்து ஓடினால் கடைக்காரர் அதை உருக்கக் கொடுத்துவிட்டிருந்தார். வெள்ளியைவிட வெண்கலம்தான் கிடைப்பது அபூர்வம். யாருக்கு வெண்கலத்தில் கொடுத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் விளிம்பைத் திருப்புவதற்கு முன்னாலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

அச்சில் புள்ளி பார்க்கிற லென்ஸை எடுத்து விளிம்பின்மேல் வைத்தேன். முலாம் எழுத்துகளுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது. பல் குத்தும் குச்சியால் மெல்லச் சுரண்டினேன். எழுத்துகள் அமுக்கியவைதான். ஓரங்களில் உலோகம் பிதுங்கியிருந்தது. ஒரு எழுத்து கொஞ்சம் சாய்ந்து நின்றது. நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் இருந்தன. சந்தேகமே இல்லை.

"ஒரிஜினல்தாண்ணே" என்றேன்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. "பாத்தியாத்தா? பாத்தியா?" என்று மகளிடம் சொன்னார். "அந்தாளு மூஞ்சில கரியப் பூசுவோம். வெளிம்புல என்ன இருக்குன்னு படிங்க தாயி, அதையும் பத்திரிகைல போட்ருவோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் லென்ஸை வாங்கிக் குனிந்துவிட்டாள். இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். நம்பரைச் சொன்னாள். அப்புறம் நிறுத்தினாள். மறுபடி கூட்டிப் பார்த்தாள்.

"கூலி" என்றாள்.

"என்னது?"

"தாத்தா பேருக்கு முன்னால கூலின்னு போட்டுருக்குப்பா. அப்புறம் லேபர் கார்ப்ஸ்னு."

மெடலில் ராஜா தலையைச் சுற்றி லத்தீனில் ஏதேதோ பட்டங்கள் இருந்தன. அந்த வட்டத்தில் எங்கள் மொழியிலிருந்து போன வார்த்தை அது ஒன்றுதான். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சிப்பாயாகப் போகவில்லை, பட்டாளத்துக்குச் சாமான் சுமக்கவும் ரோடு போடவும் ஆள் எடுத்துக் கப்பலில் கொண்டுபோனார்கள், அப்படிப் போனவர்களுக்குத்தான் வெண்கலத்தில் கொடுத்தார்கள், அதனால்தான் இது அசல், வெள்ளியாக இருந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்றேன். சொல்லிக்கொண்டே போனேன். நிறுத்தினால் அவர் பேசிவிடுவார் என்று பயமாக இருந்தது.

அவர் உட்கார்ந்தார். "நாள் கூலியா, பீஸ் கூலியா?" என்று கேட்டார்.

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவருக்கு அது தெரிய வேண்டியிருந்தது. "அது எழுதலண்ணே" என்றேன்.

"எங்க அப்பாரு காட்டுக் கூலி. நான் திரி சுத்துற கூலியா இருந்துதான் போர்மேன் ஆனேன். இந்தப் பிள்ளையோட அம்மாவும் தீப்பெட்டிக் குச்சி அடுக்குற கூலிதான்" என்றார். "எங்க வம்சத்துல கூலி வாங்காத ஒரே ஆளு அவுகதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம், தாயி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தின்னர் நெடி என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். டிசைன் பெண்ணுக்கும் அன்று தின்னர் நெடி அதிகமாகத்தான் இருந்தது.

சிக்கல் எங்கே என்று எல்லாருக்குமே புரிந்துவிட்டது. அந்தச் சித்தப்பாவிடம் இது அசல் என்று நிரூபிக்க வேண்டுமானால் விளிம்பைக் காட்டியாக வேண்டும். விளிம்பைக் காட்டினால் பட்டாளத்தார் போய்விடுவார். காட்டாவிட்டால் பட்டாளத்தார் இருப்பார், டூப்ளிகேட் மெடலோடு. நான் எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். "மெடலையும் போட வேண்டாம், பட்டாளத்தாரையும் போட வேண்டாம். வெறும் பேரப் போடுவோம். யாரும் கேக்க மாட்டாக." அவர் மெடலை மஞ்சள் துணியில் சுற்றி டப்பாவில் வைத்தார். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று கிளம்பிவிட்டார். ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஆக, பித்தளையப் பாத்து ஒரு பார்ட்டிய வெரட்டிட்ட" என்றார். வெண்கலம் என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

சில நாள் கழித்து அவர் தனியாக வந்தார். கம்பெனி வேன் அவரை முக்கில் இறக்கிவிட்டுப் போனது. டப்பாவைத் திறந்தார். முலாம் போயிருந்தது. குதிரையின் வயிற்றடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை மிச்சம். "போட்டவருகிட்டயே எடுக்கச் சொன்னேன். ஒரு மாதிரியாப் பாத்தாரு" என்றார். "பட்டாளத்தார்ங்கிறத எடுத்துருங்க தாயி."

"சரிண்ணே" என்று பேனாவை எடுத்தேன்.

"அந்த எடத்துல மெடல்ல என்ன இருக்கோ அதப் போடுங்க."

"அண்ணே, கூலின்னா?"

"ஆமா. அதான அவுக பேருக்கு முன்னால ராஜா போட்ட பட்டம்" என்றார். "யோசிச்சுப் பாத்தேன். அவுக வாயால பட்டாளம்னு சொன்னதா எங்க அப்பாரு ஒருநாளும் சொன்னதில்ல. போனாக, வந்தாக, இத டப்பால போட்டு வச்சுட்டு மறுநாள் காட்டு வேலைக்குப் போயிட்டாகளாம். பட்டாளத்தார்ங்கிறது ஊர்க்காரக வச்ச பேரு. நாங்க அதப் பிடிச்சுத் தொங்கிட்டோம். அவுக பொய் சொல்லல. நான் ஏன் அவுகளுக்காகச் சொல்லணும்?"

கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களுக்குத் தெரியும், புரூப் போய்த் திரும்பி வரும்போது பட்டம் கூடித்தான் வரும். சைக்கிள் கடை வைத்திருப்பவர் தொழிலதிபர் ஆகியிருப்பார். பாதியில் விட்ட படிப்புக்குப் பின்னால் எழுத்து முளைத்திருக்கும். ஒருவர் தன் பெயருக்கு முன்னால் இருந்ததைத் தானாக இறக்கி எழுதித் தந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஆட்கள் அதை நம்பவில்லை. டிசைன் பெண் இரண்டு தடவை கேட்டாள். மெஷின் ஓட்டுகிறவர் மெஷினை நிறுத்திவிட்டுத் தாளோடு வந்து, "அக்கா, பெரிய மிஸ்டேக் ஒண்ணு" என்றார். குதிரைக்காரரை டிசைன் பெண் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். வைக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பூ வைத்துவிட்டாள். ஒரிஜினலில் இல்லாதது அது ஒன்றுதான்.

பத்திரிகை போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் எனக்கு ஒரு போன் வந்தது. பரேடு மைதானத்தில் பேசுகிற குரல்.

"பத்திரிகைல உங்க பிரஸ் பேருக்குக் கீள போன் நம்பர் பாத்தேன். என்னம்மா அடிச்சுருக்கீக? அந்த போர்மேன் தாத்தா பேருக்கு முன்னால கூலின்னு விளுந்துருக்கு. எங்க சொந்தக்காரக அம்புட்டுப் பேரும் பாக்குற பத்திரிகை. யாரு இதுக்குப் பொறுப்பு?"

என் வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தை நான் தப்பிப்பதற்கு இல்லாமல் உண்மைக்காகச் சொன்னேன்.

"பிழை இல்லைங்க. ஒரிஜினல்ல அப்பிடித்தான் இருக்கு."

"எந்த ஒரிஜினல்ல?" என்றார்.

"நீங்க டூப்ளிகேட்டுன்னு தட்டுல போட்டீகளே, அந்த ஒரிஜினல்ல."

போனை அவரே வைத்துவிட்டார்.

கல்யாணம் விருதுநகரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நான் பையில் லென்ஸோடு போனேன். மெடல் வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், வெற்றிலைத் தட்டில், வெண்கலமாகவே இருந்தது. சித்தப்பா கோட்டில் தன் மெடல்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். நேராகத் தட்டுக்குப் போய் மெடலை எடுத்து விளிம்பைத் திருப்பினார். கண்ணுக்கு எழுத்து பிடிபடவில்லை. நான் லென்ஸை நீட்டினேன். யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வாங்கிக்கொண்டார்.

போர்மேன் கொஞ்சம் தள்ளி நின்று யாரையோ வாங்க வாங்க என்று வரவேற்றுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவர் கழுத்து விறைத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

மெடலின் விளிம்பைப் படிக்கும்போது ராணுவக்காரருக்கு ராணுவக்காரர் மாதிரித்தான் படிக்க வரும்போலிருக்கிறது. அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. நம்பரை ஒவ்வொரு எண்ணாக, உரக்க வாசித்தார். அடுத்து, "கூலி" என்றார், அதே சத்தத்தில், சுபேதார் என்று வாசிக்கிற மாதிரி. பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அதற்கடுத்து அந்தப் பெயரை வாசித்தார்.

போர்மேனின் வலது கை மேலே போனது.

"இருக்கேன்!" என்றார்.

சபை சிரித்தது. நாதஸ்வரக்காரர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். போர்மேன் இந்தத் தடவை கையை இறக்கவில்லை. சித்தப்பா சிரிக்கவில்லை. லென்ஸைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். மெடலை இரண்டு கையாலும் தட்டில் வைத்தார். பிறகு அவரிடம் போய், உயர்ந்திருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க சம்பந்தி, சாப்புடப் போவோம்" என்றார்.